லீவு நாளில் விழுந்த பில்

எங்கள் கடையில் வெயில் விழுகிற இடம் ஒன்றுதான். வாசலை ஒட்டிய கவுண்டர். காலையில் பனி விலகியதும் அந்தக் கவுண்டரின் கண்ணாடி மேல் வெயில் வந்து படுத்துக்கொள்ளும். அங்கே நிற்கிறவளுக்கு ஸ்வெட்டர் வேண்டாம். நான் நிற்பது கடைசியில், தைல பாட்டிலும் தேயிலைப் பாக்கெட்டும் அடுக்கிய கவுண்டரில். அங்கே மத்தியானத்திலும் டியூப் லைட் எரியும். கால் விரல் விறைத்துப்போகும். அங்கிருந்தே அந்த வெயிலைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். வெயிலைப் பார்ப்பேனா, வெயிலில் நிற்கிறவளைப் பார்ப்பேனா என்று கேட்டால், அவளைத்தான்.

அவளை நான் மனசுக்குள் வாசல்காரி என்றுதான் சொல்வேன். என்னைவிட மிகவும் சின்னவள். அன்னூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி மலைக்கு வந்தவள். அவளுக்கு வாய்தான் மூலதனம். கேரளாக்காரர்கள் வந்தால் மலையாளம் பேசுவாள், பெங்களூர்க்காரர்கள் வந்தால் கன்னடம் பேசுவாள். எதுவும் சரியாகத் தெரியாது. தப்பாகப் பேசிவிட்டு அவளே முதலில் சிரிப்பாள். வந்தவர்களும் சிரிப்பார்கள். சிரித்தவர்கள் வாங்காமல் போவதில்லை.

எங்கள் கடை குன்னூரிலிருந்து ஊட்டி போகிற ரோட்டில் ஒரு தேயிலை ஃபாக்டரியோடு சேர்ந்தது. சுற்றுலா வருகிறவர்கள் மாடியில் மெஷின் ஓடுவதைப் பார்த்துவிட்டு, கீழே ஒரு கப் டீயை இனாமாகக் குடித்துவிட்டு, கடை வழியாகத்தான் வெளியே போக வேண்டும். அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள். விற்கிற எங்கள் ஒவ்வொருவருக்கும் கம்ப்யூட்டரில் ஒரு நம்பர். பில் போடும்போது யார் விற்றாரோ அவர் நம்பரைத் தட்ட வேண்டும். பொங்கல் கழிந்ததும் ரிவ்யூ. யார் நம்பரில் வியாபாரம் அதிகமோ அவர் வாசலில் நிற்பார். யார் நம்பர் கடைசியோ அவர் பின்னால் பேக்கிங் ரூமுக்குப் போவார்.

பேக்கிங் ரூமுக்கு ஜன்னல் கிடையாது. தேயிலைத் தூசி பறக்கும். மூக்கில் துணி கட்டிக்கொண்டு நாள் முழுக்கப் பாக்கெட்டில் தூள் நிரப்ப வேண்டும். ஒரு மனித முகத்தைப் பார்க்க முடியாது. நான் கூச்சக்காரி, எனக்கு அதுதான் ஏற்ற இடம் என்று எல்லோரும் நினைப்பார்கள். அப்படி இல்லை. எனக்கு சனங்களை வேடிக்கை பார்க்கப் பிடிக்கும். சனங்கள் என்னை வேடிக்கை பார்க்காமல் இருந்தால் போதும்.

நான் பிறந்தது கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கை மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில். ஐந்தாம் வகுப்பு வரை அங்கேதான் படித்தேன். கப்பலேறி இந்தப் பக்கம் வந்த பிறகு பள்ளிக்கூடம் இல்லை, கொழுந்து பறிக்கிற வேலைதான். முட்டி தேய்ந்து சரிவில் ஏற முடியாமல் போனபோது இந்தக் கடையில் சேர்த்துக்கொண்டார்கள். முதலில் விற்கிற வேலை இல்லை. தலையில் கூடையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிற வேலை. வருகிறவர்கள் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். "பாட்டி, சிரிங்க" என்பார்கள். எனக்குக் கேமராவைக் கண்டால் உதடு ஒட்டிக்கொள்ளும். எந்தெந்த ஊரிலோ, யார் யார் வீட்டுச் சுவரிலோ நான் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

பிறகு டீ ஊற்றிக் கொடுக்கச் சொன்னார்கள். அதன் பிறகுதான் கவுண்டர். நான் பேசி விற்பதில்லை. யாராவது வந்து நின்றால் ஒரு சின்னக் கப்பில் டீ ஊற்றி அவர்கள் கையில் வைப்பேன். குடித்து முடித்ததும் அந்தத் தூள் பாக்கெட்டை அவர்கள் பக்கம் கொஞ்சம் நகர்த்துவேன். அவ்வளவுதான். பாதிப் பேர் வாங்குவார்கள். பேசாமல் கொடுத்ததால் நம்புகிறார்கள் போல. அந்தச் சின்ன இடம் எனக்கு வேண்டும். டியூப் லைட்டுக்குக் கீழே, குளிரில் என்றாலும், அது வேண்டும்.

வாசல்காரிக்கு டிரைவர்கள் உண்டு. வேனில் சுற்றுலாக்காரர்களை ஏற்றி வருகிற டிரைவர்கள் யாரிடம் கூட்டிப்போகிறார்களோ அவளுக்குத்தான் வியாபாரம். பெர்ன்ஹில்லில் குடியிருக்கிற ஒரு டிரைவர் இருக்கிறார். வேனிலிருந்து இறங்கும்போதே "அக்கோவ்! உங்க சொந்தக்காரங்களக் கூட்டியாந்திருக்கறனுங்க" என்று சத்தம் போடுவார். வருகிறவர்கள் குஜராத்திலிருந்து வந்திருப்பார்கள். அவளும் விட மாட்டாள். "வாங்க வாங்க, சித்தப்பா பொண்ணு கல்யாணத்துல பாத்தது" என்பாள். அந்த டிரைவருக்கு டீயில் எவ்வளவு சர்க்கரை என்று அவளுக்குத் தெரியும். அவர் மகளுக்கு எந்தப் பரீட்சை நடக்கிறது என்று தெரியும். எனக்கு அந்த டிரைவரின் செருப்பு என்ன நிறம் என்று தெரியும். குனிந்துகொண்டே இருப்பதால்.

வருஷா வருஷம் ஆடி மாதம் அவள் லீவு போட்டு ஊருக்குப் போவாள். ஆடிப் பண்டிகையை ஆடி நோம்பி என்பாள்; மரத்தில் தூரி, அதாவது ஊஞ்சல், கட்டி ஆடுவார்களாம். எங்களுக்கெல்லாம் ஆண்டு லீவு உண்டு, சம்பளத்தோடு. நான் எடுப்பதே இல்லை, எடுத்து என்ன செய்ய. அவள் கேட்டு வாங்கிக்கொண்டு, கை வீசிக்கொண்டு போவாள். திரும்பி வரும்போது வெயில் பட்டுக் கறுத்து, டப்பா நிறைய ஒப்பிட்டு, அதுதான் போளி, கொண்டுவருவாள். லீவு எடுத்தும் பொங்கல் ரிவ்யூவில் அவள்தான் முதல். எல்லாம் சிலருக்கு அமைகிறது என்று நினைத்துக்கொள்வேன். அந்த ஒப்பிட்டைத் தின்றுகொண்டே நினைத்துக்கொள்வேன்.

அவள் இல்லாத நாட்களில் வாசல் கவுண்டரில் நிற்பது நான். வருஷத்தில் அந்தச் சில நாள்தான் எனக்கு அந்த இடம் கிடைக்கும். ஆனால் ஆடியில் இங்கே வெயில் ஏது? சாரலும் பனியும்தான். அவள் வெயிலையும் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாளோ என்று இருக்கும்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். தோட்டத்தில் ஆளுக்கு ஒரு நிரை உண்டு. அந்த வரிசைச் செடியை அவள்தான் பறிப்பாள். கைப்பிள்ளைக்காரி பால் கொடுக்கப் போய்விட்டால் பக்கத்து நிரைக்காரி அதையும் சேர்த்துப் பறித்துக்கொண்டு போவாள். ஆனால் பறித்த கொழுந்தை அவளுடைய கூடையில்தான் போடுவாள். தன் கூடையில் போட மாட்டாள். போட்டால் மற்ற பெண்கள் சும்மா விட மாட்டார்கள். நான் அப்படி வளர்ந்தவள். அதனால் வாசல்காரி லீவில் போனபோது, அவளைக் கேட்டு வருகிற டிரைவர்களின் ஆட்களுக்கு விற்றால், அவள் நம்பரைத்தான் தட்டினேன். அது அவள் நிரை. யாரும் சொல்லித் தரவில்லை, யாரையும் நான் கேட்கவும் இல்லை. விற்றவர் நம்பர் என்றாலும், லீவில் போனவளுக்குக் கடையிலும் அதுதான் வழக்கம் என்று நினைத்தேன். எனக்கு அவள் மேல் இருந்த எரிச்சலில்தான் அவள் நிரையிலிருந்து ஓர் இலை என் கூடையில் விழுந்தது என்று நாளைக்கு ஒருவர் சொல்லிவிடக் கூடாது. அது வேறு இருந்தது.

இப்படியிருக்க ஒரு வருஷம் சித்திரையில் என் தங்கை வந்தாள். நாங்கள் கப்பலேறியபோது அவள் அத்தையோடு அங்கேயே தங்கிவிட்டாள். அங்கேயே தோட்டத்தில் வேலை, அங்கேயே கல்யாணம். கோயில்களுக்குப் போகிற ஒரு கூட்டத்தோடு இந்தியா வந்தவள், அவர்களை விட்டுப் பிரிந்து என்னைப் பார்க்க மலையேறி வருகிறாள் என்று போன் வந்தது. நான் முதன்முதலாக லீவு கேட்டு எழுதினேன். என் கையெழுத்து இன்னும் ஐந்தாம் வகுப்புக் கையெழுத்துதான். மேனேஜர் படித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். நல்ல மனுஷர்தான், என் மகன் வயசு.

"பாட்டிம்மா, உங்களுக்கு லீவு எடுக்கத் தெரியுமுங்களா? நான் தெரியாதுன்னு நெனச்சேன். போங்க, தங்கச்சிகூட நல்லா இருந்துட்டு வாங்க."

கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். சீசன் நேரம், வியாபாரம் குறையும், ரிவ்யூவில் இடிக்கும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தங்கை வந்தாள். என்னைப் போலவே முட்டி போயிருந்தது. இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு ஊட்டியில் ஏரியைப் பார்த்தோம். சீசன் கூட்டத்தில் ஏரி தெரியவில்லை, தலைகள்தான் தெரிந்தன. "என்னா அக்கா, தண்ணி எங்க இருக்கு?" என்றாள். பிறகு, "நீ வேலை செய்யிற கடையைக் காட்டு" என்று பிடிவாதம் பிடித்தாள். ஊருக்குத் திரும்பியதும் எல்லோரிடமும் நான் வேலை செய்கிற இடத்தைச் சொல்ல வேண்டுமாம்.

லீவில் இருக்கும்போது கடைக்குப் போவது எனக்கு என்னவோபோல இருந்தது. சுற்றுலாக்காரர்களோடு வரிசையில் நின்று இனாம் டீயை வாங்கிக் குடித்தோம். உள்ளே போனால் என் கவுண்டரில் வாசல்காரி நிற்கிறாள். வாசல் கவுண்டரை இன்னொருத்தியிடம் விட்டுவிட்டு, கூட்டம் அதிகமென்று இரண்டு பக்கமும் ஓடிக்கொண்டிருக்கிறாள். நான் ஒரு நாளில் விற்கிற தைலத்தை அவள் என் கண்முன்னால் ஒரே குடும்பத்துக்கு விற்றாள். என் பாக்கெட்டுகளை இடம் மாற்றி அடுக்கியிருந்தாள். சொல்லக் கூடாது, பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

எங்களைக் கண்டதும், "அக்கோவ்! லீவுலயும் இங்கதானுங்களா? கடைய யாராச்சும் தூக்கீட்டுப் போயிருவாங்கன்னு பாக்க வந்தீங்களா?" என்றாள்.

"இவ என் தங்கச்சி" என்றேன்.

"அட, சொல்ல வேண்டாமுங்களா! அப்படியே உங்க மொகம். ஆனா இவங்க மேல பாக்கறாங்க, நீங்க கீழ பாக்கறீங்க."

தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். அவர்கள் இருவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். சிலோனில் தேங்காய் விலை, இங்கே தேங்காய் விலை. நான் பக்கத்தில் நின்றேன். அத்தனை வருஷம் கழித்துப் பார்த்த என் தங்கையிடம் நான் மூன்று நாளில் பேசாததை அவள் அரை மணியில் பேசிவிட்டாள். கிளம்பும்போது தன் காசில் ஒரு பாக்கெட் நல்ல தூள் வாங்கித் தங்கையின் பையில் திணித்தாள். பில்லில் அவள் நம்பர்தான் இருந்தது. அன்று என் கவுண்டரில் விழுந்த எல்லா பில்லிலும் அவள் நம்பர்தான். பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

பஸ்ஸில் தங்கை சொன்னாள்: "அந்தப் புள்ள நல்ல புள்ள தானே அக்கா."

"ம்" என்றேன்.

"என்னா கலகலப்பு. உனக்குப் பக்கத்தில அப்பிடி ஒரு ஆள் இருக்கிறது எனக்கு நிம்மதி."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஊருக்குத் திரும்பிப்போன பிறகும் அவள் போனில் முதலில் கேட்பது "அந்தப் புள்ள எப்பிடி இருக்கு?" என்றுதான். அப்புறம்தான் என் முட்டி.

ஆடி வந்தது. வாசல்காரி நோம்பிக்குப் போனாள். நான் சாரலில் வாசல் கவுண்டரில் நின்றேன். பெர்ன்ஹில் டிரைவர் ஒரு வேன் ஆட்களோடு வந்து "அக்கா இல்லீங்களா?" என்றார். பில் போடும்போது என் விரல் நின்றது. சித்திரையில் என் கவுண்டரில் அவள் தன் நம்பரைத்தானே தட்டினாள்? நானும் தட்டினால் என்ன? ஆனால் விரல் பழக்கத்தில் அவள் நம்பருக்குத்தான் போயிற்று. அன்று இரவு அதை நினைத்து எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. காலையில் வந்து மறுபடியும் அதைத்தான் செய்தேன்.

பொங்கல் கழிந்து ரிவ்யூவுக்கு முன்னால் ஒரு நாள், பேக்கிங் ரூமில் இருக்கிற ஒருத்தி சாப்பாட்டு நேரத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"பாட்டி, உங்களுக்குப் பச்சை ஏப்ரன் புடிக்குமா, நீலம் புடிக்குமா?"

"எதுக்கு?"

"தெரியாதா? அப்ப நான் சொல்லலை" என்று சொல்லிவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். இந்த வருஷம் கடைசி நம்பர் என்னுடையது. சீசனில் லீவு போட்டதால் என் வியாபாரம் விழுந்துவிட்டது. எனக்குப் பேக்கிங் ரூமில் இடம் ஒதுக்கியாகிவிட்டது. "ஒண்ணும் பயப்படாதீங்க. மொத மாசம்தான் தும்மல் வரும்" என்றாள்.

நான் சோற்று டப்பாவை மூடிவிட்டேன். தோட்டத்தில் லீவு போட்டவளை யாரும் அந்த நாளுக்கு எத்தனை கிலோ என்று கேட்டதில்லை. வேலைக்கு வந்த நாளுக்குத்தான் கிலோ. வராத நாள், வராத நாள்தான். கையெழுத்துப் போட்டுக் கொடுத்த லீவை இப்படிப் பிடித்துக்கொள்வார்கள் என்றால் அதற்குப் பெயர் லீவா? இதையெல்லாம் நான் மேனேஜரிடம் சொன்னேன். மனசுக்குள்தான். அவர் அறை வாசல் வரை போய், உள்ளே யாரோ இருந்தார்கள், திரும்பிவிட்டேன். மறுநாளும் போனேன். உள்ளே யாரும் இல்லை, அதனாலேயே திரும்பிவிட்டேன்.

வாசல்காரி கேட்டாள்: "என்னுங்கக்கா, மொகம் வாடிக் கெடக்குது?"

"குளிர்" என்றேன். அவள் தன் கவுண்டரிலிருந்து ஒரு ஸ்டூலைத் தூக்கி வந்து, "அங்க வந்து வெயில்ல செத்த உக்காருங்க" என்றாள். போகவில்லை. நானும் அவளும் ஒரே வருஷத்தில் லீவு போட்டோம். அவள் வெயிலில் நிற்பாள், எனக்குத் தும்மல். அவள் கொடுக்கிற வெயில் எனக்கு எதற்கு?

ரிவ்யூ, டீ ருசி பார்க்கிற அறையில் நடந்தது. நீள மேசையைச் சுற்றி நாங்கள் எல்லோரும் நின்றோம். மேனேஜர் கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகச் சொன்னார். என் முறை வந்தபோது குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பாட்டிம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. இது நான் போடற மார்க் இல்லீங்க. ஓனருக்குப் போற கணக்கு. உங்க நம்பர் ஏப்ரல்ல அப்படியே படுத்துருச்சு. சீசன்ல லீவு. அடுத்த மாசத்துல இருந்து பேக்கிங் பாத்துக்கங்க. உங்களுக்கும் அதுதான் சுலபம், யார்கிட்டயும் பேச வேண்டாம்."

நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் என்னைப் பார்ப்பது தெரிந்தது.

யாரோ ஒருத்தி, "லீவுன்னா வாசல் கவுண்டர் அக்காவும்தான் லீவு போட்டாங்க" என்று முணுமுணுத்தாள்.

மேனேஜருக்கு அது பிடித்துவிட்டது. "அதைத்தான் சொல்ல வந்தேன். ஆடியில அவங்களும் லீவுதான். ஆனா இங்க பாருங்க, அந்த நாளெல்லாம் அவங்க நம்பர் ஓடியிருக்கு. லீவுல இருந்தும் வியாபாரம் நிக்கலை. அக்கறைன்னா அது!" என்று கையைக் கூடத் தட்டினார்.

யாரும் கை தட்டவில்லை. வாசல்காரி அவரையே பார்த்தாள்.

"ஏனுங் சார், நானு ஆடி நோம்பிக்கு ஊர்ல தூரி கட்டி ஆடீட்டு இருந்தனுங்க. தூரியில உக்காந்துட்டு எப்படிங்க டீத்தூள் வித்தேன்?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மேனேஜர் கம்ப்யூட்டரைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். "விழுந்திருக்கே. இங்க இருக்கே" என்றார்.

"நா இல்லாதப்ப வாசல்ல நின்னது யாரு?" என்று அவளே கேட்டு, அவளே என் பக்கம் திரும்பினாள். "அக்கா. நீங்களா?"

எனக்குக் காது சுட்டது. பொய் சொல்லவும் தெரியவில்லை.

"உங்க டிரைவருங்க வந்தாங்க" என்றேன். "உங்க நிரை தானே."

அந்த அறையில் தோட்டத்திலிருந்து வந்தவர்கள் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களுக்குப் புரிந்துவிட்டது. ஒருத்தி வாய்மேல் கை வைத்துக்கொண்டாள். வாசல்காரிக்குப் புரியவில்லை. அவர்கள் சொன்னார்கள், நிரை என்றால் என்ன, யார் கூடையில் கொழுந்து போகும் என்று. அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். அவள் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. அவளைச் சிரிப்பில்லாமல் நான் பார்த்தது அன்றுதான்.

"எத்தன வருசமா?"



அவள் மேனேஜர் பக்கம் திரும்பினாள். இனி அவள் பேசியதை அப்படியே எழுதுகிறேன். எனக்கு மறக்கவில்லை. நான் மனசுக்குள் மேனேஜர் அறை வாசலில் நின்று பேசியது அத்தனையும் அவள் வாயிலிருந்து வந்தது.

"சார், அக்கா லீவு நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்ததுங்க. சட்டப்படி இருக்கற லீவுங்க, யாரும் தானமாக் குடுக்கல. லீவுன்னு குடுத்துப்போட்டு அந்த நாளுக்கும் வேபாரம் கேட்டா அது லீவுங்களா? சீசன்ல வேண்டாமுன்னா அப்பவே சொல்லியிருக்கோணும். வேலைக்கு வந்த நாளுக்குக் கணக்குப் பாருங்க. எனக்கும் அப்படியே பாருங்க. நா தூரி ஆடுன நாளு எனக்கு வேண்டாமுங்க, அந்த பில்லெல்லாம் அக்காவோடது. இல்லீன்னா நாளைக்கு எவளும் லீவே எடுக்க மாட்டா. புள்ள பெக்கறவளும் கவுண்டருக்குப் பின்னாடி நின்னுதான் பெக்கோணும்."

"சரி சரி, அந்தளவுக்குப் போக வேண்டாமுங்க" என்றார் மேனேஜர். அவர் முகமும் சிவந்துவிட்டது. "ஓனர் என்ன சொல்வாருன்னு..."

"ஓனர் லீவுல ஊட்டிக்கு வர்றாருல்லீங்க? அன்னிக்கு அவருக்கு வேபாரம் குறைஞ்சா அவரையும் பேக்கிங்குக்கு அனுப்பறதா?"

இதற்கு மேனேஜரும் சிரித்துவிட்டார். கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பிக்கொண்டு நெடுநேரம் தட்டினார். லீவு நாளையெல்லாம் எல்லோருக்கும் கழித்து, வந்த நாளுக்கு மட்டும் எவ்வளவு என்று பார்த்தார். ஆடி பில்லை என் பக்கம் மாற்றினார். பிறகு நிமிர்ந்தார்.

"பாட்டிம்மா நடுவுல வர்றாங்க. அவங்க கவுண்டர் அவங்களுக்குத்தான். லீவு நாளு இனிமே கணக்குல வராது, ஓனர்கிட்ட நான் பேசிக்கறேன். ஆனா ஒண்ணு, யார் விக்கறாங்களோ அவங்க நம்பர்தான் தட்டணும். இந்தக் கூடை வழக்கமெல்லாம் வேண்டாம்."

"முதல் யாரு?" என்று ஒருத்தி கேட்டாள்.

அந்த பில்லெல்லாம் போன பிறகும் வாசல்காரிதான் முதல். அதையும் மேனேஜர் சொன்னார்.

என் இடம் பிழைத்தது. அதற்கு நான் சந்தோஷப்பட வேண்டும், பட்டேன். ஆனால் அன்று வீட்டுக்கு நடந்து போகும்போது எனக்குள் எரிந்தது வேறு. இத்தனை வருஷம் எனக்கு ஓர் ஆறுதல் இருந்தது. அவள் முதலில் வருவது என் கையால்தான், நான் போட்ட கொழுந்தால்தான் அவள் கூடை நிறைகிறது என்று உள்ளுக்குள் ஒரு மூலையில் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அதுவும் இல்லை. என் கொழுந்தை எடுத்துவிட்ட பிறகும் அவள் கூடை நிறைந்துதான் இருந்தது. அதுவாவது போகட்டும். என் லீவைப் பற்றி, என் உரிமையைப் பற்றி, என் வாயில் இருந்ததை அவள் பேசினாள். அந்தக் குரல் எனக்கு வேண்டும். வெயில்கூட வேண்டாம். வாசலும் வேண்டாம். ஒரே ஒரு நாள் அந்த மாதிரி நிமிர்ந்து நின்று, "அது லீவுங்களா?" என்று கேட்கிற வாய் எனக்கு இருந்திருந்தால் என்ன? அவளை வெறுக்கவும் இனி எனக்கு ஒரு காரணமும் அவள் மிச்சம் வைக்கவில்லை.

மறுநாள் அவள் வந்து, "ஏனுங்கக்கா, ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுல்லீங்க?" என்றாள். "சொன்னா அந்த பில்லையெல்லாம் நீங்க எனக்கே கொடுத்திருப்பீங்க" என்றேன். அவளுக்கு அது புரியவில்லை. எனக்கும் முழுசாகப் புரியவில்லை.

தங்கை போனில் கேட்டபோது நடந்ததைச் சொன்னேன். "நான்தான் சொன்னேனே நல்ல புள்ளன்னு" என்றாள். போனை வைத்துவிட்டேன்.

இந்த வருஷம் சித்திரையில் நானும் லீவு எடுத்தேன். தங்கை வரவில்லை. சும்மா எடுத்தேன். வீட்டில் உட்கார்ந்து டிவி பார்த்தேன், வெந்நீரில் காலை வைத்துக்கொண்டேன். எல்லா நாளும் கடையில் யார் என்ன விற்கிறார்கள் என்றுதான் யோசனை. ஆனாலும் எடுத்தேன். அது என் லீவு.

பிறகு ஆடி வந்தது. அவள் நோம்பிக்குப் போனாள், நான் வாசல் கவுண்டருக்கு வந்தேன். ஒரு நாள் சாரல் விட்டு, அதிசயமாக மத்தியானம் கொஞ்சம் வெயில் விழுந்தது. என் கை மேல்தான் விழுந்தது. அப்போதுதான் பெர்ன்ஹில் டிரைவர் வேனை நிறுத்தினார்.

"அக்கா எங்கீங்க பாட்டி?"

"நோம்பிக்குப் போயிருக்கு."

அவர் கூட்டி வந்தவர்களுக்கு டீ ஊற்றிக் கையில் வைத்தேன். பாக்கெட்டைக் கொஞ்சம் நகர்த்தினேன். வாங்கினார்கள். பில் போடும்போது விரல் பழைய இடத்துக்குப் போகப் பார்த்தது. பிடித்து நிறுத்தி என் நம்பரைத் தட்டினேன். பேப்பர் வெளியே வந்தது. அதில் என் நம்பர். அதை மடித்துக் கொடுக்கும்போது தலையைத் தூக்கி அந்த டிரைவரின் முகத்தைப் பார்த்தேன். மீசை நரைத்திருந்தது. அது எனக்குத் தெரியாது.

அவர் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "சக்கரை அக்கா போடற மாதிரி இல்லீங் பாட்டி" என்று சிரித்தார். "அக்கா வந்தா நான் கேட்டன்னு சொல்லிருங்க. மக பாஸாயிட்டான்னும் சொல்லிருங்க."

"சொல்றேன்" என்றேன்.

அவள் வெயிலில் கறுத்து, ஒப்பிட்டு டப்பாவோடு திரும்பி வந்தாள். டப்பாவைத் திறந்து முதல் ஒப்பிட்டை எனக்குத்தான் நீட்டினாள்.

"என்னுங்கக்கா, யாராச்சும் என்னையக் கேட்டாங்களா?"

"சீசன் இல்லாத நாள்தானே, யாரு வாரா" என்றேன்.

ஒப்பிட்டு நன்றாக இருந்தது. இன்னொன்று கேட்டு வாங்கித் தின்றேன். மகள் பாஸான விஷயத்தை மட்டும் நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன்.